முப்பத்தெட்டாவது ஹோஸ்

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். குண்டசாலை தாண்டி, திகனைக்குப் போகிற வீதியில் இன்று இரண்டு மாடியாக நிற்கிற ஹைட்ரோலிக் கடையை நாலு தகரத்தை வைத்துத் தொடங்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கண்டிப் பக்கத்தில் ஒரு டிப்பரின் பெட்டியைத் தூக்குகிற எண்ணெய்க் குழாய், அதாவது ஹோஸ், வெடித்தால் கொழும்புக்கு ஓட வேண்டியிருந்த காலத்தில், ஹோஸின் நுனியில் இரும்பு வளையத்தை நசுக்கி ஃபிட்டிங் என்கிற இணைப்புத் துண்டைப் பிடிக்கவைக்கும் பிரஸ்ஸை என் கையாலேயே செய்தேன். ஹந்தானைப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் கழித்துப்போட்ட ரோலர் மேசையின் கால்தான் அதற்கு உடம்பு. வளையத்தைச் சுற்றி நின்று நசுக்கும் எட்டுத் தாடைகளையும் பழைய லொறி அச்சிலிருந்து அறுத்து அரத்தால் ராவினேன். ஏழு நன்றாக வந்தன. எட்டாவதில் அரம் வழுக்கி ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதனால் என் பிரஸ்ஸில் நசுக்கிய ஒவ்வொரு வளையத்திலும் நெல்மணி அளவுக்கு ஒரு தழும்பு இருக்கும். அதை என் கையெழுத்து என்றே சொல்லிக்கொள்வேன். எனக்கு வேறு கையெழுத்தும் அவ்வளவாக வராது.

பிரஸ்ஸுக்குப் பிறகு ஹோஸுக்குள் எண்ணெய் ஏற்றிச் சோதிக்கும் மேசை. அதுவும் நான் கட்டியதுதான். உதவி கேட்டுப் போன இடத்தில் வரைபடம் கொண்டுவா என்றார்கள். எனக்கு வரைபடம் என்றால் சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் கீறுவது. தரையைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்? திரும்பி வந்து தனியாகவே கட்டினேன். இன்றைக்கும் ஓடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்து மண்வாரி இயந்திரக்காரர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. அதில் என்னிடம் ஆறு வருடம் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. சரி, எழுதுகிறேன். பெயரை விழா மேடையில் சொல்வார்கள். நான் எழுதப்போவதில்லை. கடையில் எல்லோருக்கும் அவர் ‘செக்கிங் அக்கா’. எனக்கு மகள் வயதுதான், ஆனாலும் மற்றவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்வேன்.

அந்தம்மாவுக்கு எதிலும் சந்தேகம். பெட்டியில் ஒட்டிய லேபிளில் சந்தேகம், லேபிளைப் பெட்டியில் ஒட்டியவன் மேல் சந்தேகம். பஸ்ஸில் கொண்டக்டர் “குண்டசாலை” என்று கத்தினால் பக்கத்தில் இருப்பவரிடம் “குண்டசாலைதானுங்களே?” என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். நான் காலை வணக்கம் சொன்னால் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். ஒரு தீபாவளிக்கு என் மனைவி முறுக்குக் கொடுத்தனுப்பினாள். அதை இரண்டாக ஒடித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

முன்பு அவர் ஒரு தையல் ஃபேக்டரியில் செக்கிங் வேலையில் இருந்தவர். அந்த ஃபேக்டரிகளில் ஒரு விதி உண்டாம். மெஷினில் ஊசி ஒடிந்தால் ஒடிந்த எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ஒரு கடதாசியில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். துண்டுகள் சேர்ந்து முழு ஊசியானால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த வரிசையில் தைத்த சட்டை எதுவும் வெளியே போகாது. எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்திவிடக் கூடாதல்லவா. பன்னிரண்டு வருடம் அப்படித் துண்டு தேடிய கண் அது. ஃபேக்டரி மூடியதும் என் கடைக்கு வந்தார். கவுன்டரில் நின்று ஃபிட்டிங் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள்தான் எனக்குத் தேவைப்பட்டது. ஆளோடு அந்த விதியும் சேர்ந்து வந்தது.

வந்து ஒரு மாதமாகவில்லை. திகனையில் ஒரு கல்குவாரியின் மெக்கானிக் ஓடி வந்தார். மண் தோண்டும் பெக்கோவின் வால்வுக்குள் இருந்த றப்பர் சீல் பிய்ந்துவிட்டதாம். மூன்று துண்டுகளைக் கவுன்டரில் போட்டு, “இதே சைஸ்ல ஒன்னு குடுங்க அக்கா, சுருக்கா” என்றார்.

செக்கிங் அக்கா வெள்ளைக் கடதாசி விரித்துத் துண்டுகளை வட்டமாக அடுக்கினார்.

“மிச்சம் எங்க?”

“என்னா மிச்சம்?”

“வட்டம் முடியல தம்பி. இந்தா, இம்புட்டு கொறையுது.”

“அது எங்கயாச்சும் விழுந்திருக்கும்.”

“எங்கயாச்சும்னா? மெஷினுக்கு வெளியயா, உள்ளயா?”

மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். “மொதலாளி, இது கடையா பொலிஸா?”

வாடிக்கையாளரை விரட்டக் கூடாது என்று, “குடுத்து அனுப்பும்மா” என்றேன். அந்தம்மா அசையவில்லை. “துண்டு வந்தா சீல் வரும்” என்று புது சீலைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். மெக்கானிக் திட்டிக்கொண்டே போனார். பின்னேரம் தீப்பெட்டிக்குள் அந்தத் துண்டோடு திரும்பினார். வால்வின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அப்படியே எஞ்சினை ஓட்டியிருந்தால் எண்ணெயோடு போய் எங்காவது அடைத்திருக்கும். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. “இப்ப வட்டம் முடிஞ்சிச்சா டீச்சர்?” என்றார்.

“முடிஞ்சிச்சி” என்று சீலைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் பழைய சீலின் முழு வட்டத்தையும் கொண்டுவந்தால்தான் புதியது. என் கடையில், என்னைக் கேட்காமல் வந்த சட்டம்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஃபிட்டிங்கின் மரை, நாங்கள் திரெட் என்போம், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாதிரி. அரை அங்குலத்தில் இங்கிலாந்து மரையும் அமெரிக்க மரையும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்குள் ஒன்று மூன்று சுற்று ஏறும். பிறகு இறுகும். சரியாகப் பிடித்துவிட்டது என்று புதியவன் நினைப்பான். உண்மையில் அது சிக்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் ஏறும் நாளில் கழன்று பறக்கும். நான் முப்பது வருடமாக மரைக்குக் கேஜ் வைத்துப் பார்த்ததில்லை. கட்டைவிரல் நகத்தை மரையில் ஓட்டினால் எந்த நாடு என்று சொல்லிவிடுவேன். இதை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்காட்டுவேன்.

ஒரு நாள் அந்தம்மா துணி மூடிய தட்டொன்றை என் முன்னால் வைத்தார். “கைய உள்ள விட்டு சொல்லுங்க மொதலாளி. பத்து இருக்கு.”

பத்தையும் தடவிச் சொன்னேன். துணியை எடுத்து, சீப்பு மாதிரிப் பல் வைத்த தகட்டை ஒவ்வொரு மரையிலும் பொருத்திப் பார்த்தார்.

“எட்டு சரி” என்றார்.

“பாத்தியா! எட்டு!”

“ரெண்டு தப்புங்க.”

“பத்துக்கு எட்டு எடுத்தா பள்ளிக்கூடத்துல கை தட்டுவாங்கம்மா.”

“பள்ளிக்கூடத்துல எண்ணெ பீச்சி அடிக்காதுங்களே.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவரை நான் கண்காணிக்கத் தொடங்கினேன். உள்ளதைச் சொல்வதற்கு என்ன? என் நகத்தைச் சோதித்தவர் இன்னும் எதையெல்லாம் சோதிக்கிறாரோ என்று எனக்கு ஒரு அரிப்பு.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. கடையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு ஹோஸும் அதில் ஏறும். என்ன நீளம், இரண்டு முனையிலும் என்ன ஃபிட்டிங், யாருடைய எந்த வாகனம், சோதனை மேசையில் முள் எதுவரை போனது, எல்லாம் இருக்கும். பக்கத்தில் சின்னச் சின்னக் கிறுக்கல்கள் வேறு, அவை எனக்கு விளங்காது. நான் போனால் கொப்பி மூடும். என் வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே கொப்பியில்! வேறொருவன் கையில் அது கிடைத்தால் என் முப்பது வருடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். எனக்குத் தூக்கம் கெட்டது.

இப்போது சோதனை மேசையில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் பிரஷர் கேஜின் விஷயத்துக்கு வருகிறேன். சாமான் இறக்குமதி நின்று, டொலர் டொலர் என்று நாடே அலைந்த காலம். புது ஃபிட்டிங் கிடையாது. பழைய ஃபிட்டிங்கைக் கழற்றிக் கழுவி, புது ஹோஸில் போட்டு நசுக்கினோம். அந்த நாட்களில் சோதனை மேசையை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. வேலை செய்யும் அழுத்தத்தைவிட மேலே ஏற்றிப் பிடித்து, கசியவில்லை என்றால்தான் ஹோஸ் வெளியே போகும். பிடித்திருக்கும்போது கசிவைப் பார்க்க அந்தம்மா கை வைக்க விடமாட்டார். ஊசித்துளையால் பீச்சும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து விரலுக்குள் ஏறிவிடும். விரலையே எடுக்கவேண்டி வந்த ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. பிஸ்கட் பெட்டியின் மட்டையை வெட்டி வைத்திருப்பார். அதை ஹோஸை ஒட்டி நகர்த்தினால், கசிவு இருந்தால் மட்டையில் எண்ணெய்க் கோடு விழும்.

அந்த மேசையின் பிரஷர் கேஜ் ஒரு நாள் அடி வாங்கியது. பம்ப்பில் அழுத்தத்தை இறக்கிவிடும் வால்வு சிக்கிக்கொண்டது. முள் கண்ணாடியின் கடைசிவரை போய் மோதியது. பிறகு இறங்கி வந்து, பூச்சியத்துக்கு வராமல் முப்பதில் நின்றது. அந்தம்மா அன்று லீவு. புதுக் கேஜ் நாட்டிலேயே இல்லை. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கண்ணாடியைக் கழற்றினேன். முள்ளைப் பிடுங்கிப் பூச்சியத்தில் வைத்து அழுத்தினேன். மூடினேன். பூச்சியத்தில் சரியாக நிற்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தம்மா, “நாளைக்கு லீவு வேணுங்க, கொழும்புக்கு போறேன்” என்றார். எதற்கு என்றால், “ஒரு வேலை இருக்கு” என்றார். வேலை! எங்கோ இன்டர்வியூவுக்குப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். லீவுக்கு மறுநாள் காலையில் பால்மா டின் ஒன்றோடு வந்தார். துணியில் சுற்றி உள்ளே ஒரு கேஜ். பழைய சாமான் கடையில் தேடி எடுத்துச் சரிபார்க்கக் கொடுத்து, சரி என்று சீட்டும் வாங்கி வந்திருக்கிறார், தன் சொந்தச் செலவில். மேசையின் குழாயில் இரண்டாகப் பிரியும் ஒரு ‘டீ’ ஃபிட்டிங் போட்டு, என் கேஜையும் தன் கேஜையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

“பம்ப் அடிங்க மொதலாளி.”

அடித்தேன். ஐம்பதில் இரண்டு முள்ளும் ஒன்றாக நின்றன. நூறில் என் முள் கொஞ்சம் முந்தியது. என் முள் முந்நூறு காட்டியபோது அவருடையது இருநூற்று முப்பதைத் தாண்டவில்லை. அடி வாங்கிய கேஜ் உள்ளுக்குள் இளகிவிட்டிருந்தது. கீழே இருக்கும்வரை உண்மை, மேலே போகப் போகப் பொய். முந்நூறு தாங்கும் என்று அனுப்பிய ஹோஸெல்லாம் இருநூற்று முப்பதுவரைதான் தாங்கிக் காட்டியிருந்தன.

“இந்த முள்ளு பொய் சொல்லுதுங்க.”

“ஒன்னோட முள்ளு பொய் சொல்லலன்னு யாரு கண்டா?”

சீட்டை எடுத்து நீட்டினார். பிறகு கொப்பியைத் திறந்து ஒரு தேதியைக் காட்டினார். “இந்த நாளு வரைக்கும் முள்ளு கீழ உள்ள ஆணியில ஒட்டி நிக்கும். அடுத்த நாள்ல இருந்து மயிரளவு தள்ளி நிக்குது. கண்ணாடி ஸ்க்ரூவுலயும் கீறல் இருக்கு. யாருங்க தொறந்தது?”

“வித்தவன் தொறந்திருப்பான்” என்றேன்.

அந்தம்மா என் சட்டைப் பையைப் பார்த்தார். மறுபடி கொப்பியைப் பார்த்தார். “அந்த நாளுக்கு பொறகு முப்பத்தெட்டு ஹோஸ் போயிருக்குங்க. எல்லாத்தையும் திரும்ப பாக்கணும்.”

“முப்பத்தெட்டு பேருகிட்டயும் போயி, எங்க சாமான் சரியில்லன்னு சொல்லவா? நாளைக்கு இந்த வாசல்ல நாய் கூட ஏறாதும்மா.”

“ஒடைஞ்ச ஊசில எல்லாத் துண்டும் வரணும் மொதலாளி.”

“இது தையல் கடை இல்ல!”

சத்தம் போட்டுவிட்டேன். அவர் தன் கேஜை மேசையில் நிரந்தரமாக மாட்டிவிட்டு, என் கேஜைத் துணியில் சுற்றி என் மேசை லாச்சிக்குள் வைத்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரத்துக்குப் பிறகு, திகனைச் சந்தியில் த்ரீவீலர் ஓட்டுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்போம், என்னைக் கண்டு நிறுத்தினார். “மொதலாளி, ஒங்கட செக்கிங் அக்காவ ஞாயித்துக்கெழமைல நான்தான் ஏத்திட்டு போற. மெஷின் உள்ள எடமா பாத்து போறா. பை ஒன்டும் கொப்பியும் வச்சீக்கிறா. ஒங்களுக்கு தெரியும்தானே?”

“தெரியும் தெரியும்” என்றேன்.  கொப்பியும் போகிறது, வாடிக்கையாளரும் போகிறார்கள். ஓர் உண்மை சொல்கிறேன்: கேஜைப் பற்றி அந்தம்மா ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்ற பயம், வாடிக்கையாளரைக் கொண்டுபோய்விடுவார் என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நானாவின் த்ரீவீலரில் அந்தம்மா போக, நான் வேறொன்றில் பின்னால் போனேன். போய் நின்றது, சீல் துண்டைத் தேடவைத்த அதே கல்குவாரி. குவித்து வைத்த சல்லிக்குப் பின்னால் கள்ளனைப் போல நின்றேன், என் வயதுக்கு. பெக்கோ நின்றிருந்தது. குவாரிக்காரர் சிங்கள ஆள், நல்ல தமிழ் பேசுவார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏன் அக்கே, ஹோஸில் ஏதும் வெறதியா?”

 வெறதி என்றால் பிழை. இதோ சொல்லப்போகிறார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“பிழை இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். இருந்தா மாத்திக் குடுக்க சொல்லி எங்க மொதலாளி அனுப்பினாரு. காசு வேணாம்.”

“அப்பா! இந்தக் காலத்தில் வித்த சாமானைத் தேடி வாற முதலாளி யார் இருக்கு? ஹொந்த, நல்ல மனுசன் நே.”

அந்தம்மா மட்டையை எடுத்து ஹோஸை ஒட்டி நகர்த்தினார். வளையத்துக்குப் பக்கத்தில் மட்டை கறுத்தது. பழைய ஃபிட்டிங்கைப் போட்டு நசுக்கிய ஹோஸ். குவாரிக்காரருக்குக் காட்டினார். “நல்ல நேரம்” என்று அவர் தன் தலையில் கை வைத்தார். ஹோஸைக் கழற்றிவிட்டு அந்தம்மா தன் பையிலிருந்து புதிதாகச் செய்த ஹோஸ் ஒன்றை எடுத்தார். அது என் கடை ஹோஸ். என் பிரஸ்ஸில் யாரைக் கொண்டு எப்போது நசுக்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் வெளியே வரவில்லை. வந்த வழியே திரும்பினேன். திங்கட்கிழமை காலையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘மொதலாளி அனுப்பினாரு’ என்னை அரித்தது. என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாரா? அல்லது ஒரு பொம்பளை தனியாக வந்து மெஷினில் கை வைக்க விடமாட்டார்கள் என்று என் பேரைச் சாவியாகப் போட்டாரா? இரண்டில் எது என்று நான் இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சந்தேகம் தொற்று நோய்.

ஆறாவது வருடம் அவருக்குக் கொழும்பில் ஒரு பெரிய இடத்தில் செக்கிங் வேலை கிடைத்தது. போகிற அன்று கொப்பியைக் கேட்டேன். தரவில்லை. என்னிடம் விட்டால் நான் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார். கிழித்திருப்பேனா இல்லையா என்று எனக்கும் தெரியாது. ஒரு துண்டுக் கடதாசியை மட்டும் என் மேசையில் வைத்தார்.

“முப்பத்தேழு பாத்தாச்சுங்க. ஒன்னு இருக்கு. பேரு எழுதாம வாங்கிட்டு போனவங்க. பச்சை டிப்பர், அக்குறணைப் பக்கம்.”

“அக்குறணையில பச்சை டிப்பர் எத்தனை இருக்கும்னு தெரியுமா?”

“நாலு பாத்திட்டேன். இல்ல.”

அவ்வளவுதான். போய்விட்டார். கடதாசியை என் பொய்க் கேஜோடு லாச்சிக்குள் போட்டேன்.

லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடதாசி மேலே வந்து கிடக்கும். பிறகு அக்குறணையைத் தாண்டிப் போகிற மாத்தளை வீதியால் போகும்போது, சொந்தக்காரர் வீட்டுக்கென்றாலும் கலியாணத்துக்கென்றாலும், பச்சை டிப்பர் கண்டால் கழுத்து தானாகத் திரும்பும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு மாரிமழையில் பிங்கா ஓயா ஆறு பெருகி, அக்குறணைக் கடைகளுக்குள் சேறு ஏறியது. தண்ணீர் வடிந்த இரண்டாம் நாள் முற்பகல் அந்த வழியால் வந்தேன். வாகனங்கள் அசையவில்லை. ஒரு செருப்புக்கடைக்குப் பக்கத்து வெறும் காணியில் டிப்பர் ஒன்று பெட்டியைத் தூக்கிச் சேறு கொட்டிக்கொண்டிருந்தது. மேல் பெயின்ட் நீலம். நீலத்தின் கீழே விளிம்பில் பச்சை தெரிந்தது.

நான் இறங்கினேன். தூக்கிய பெட்டிக்குக் கீழே, சட்டத்தில் ஒட்டிய சேற்றை ஒருவர் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஹோஸ். வளையத்தில் நெல்மணித் தழும்பு.

“வெளிய வாங்க! தம்பி, வெளிய வாங்க!”

“என்ன ஹாஜியார் சத்தம் போடுற?” என்றார் ட்ரைவர் ஜன்னல் வழியாக. என் தாடியைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

“ஹாஜியார் இல்ல. அந்த ஆள மொதல்ல வெளிய எடுங்க. பெட்டிய இறக்காதீங்க. அந்த லீவர்ல கை வைக்காதீங்க.”

குனிந்திருந்தவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். அங்கே கிடந்த ஒரு மரக்குற்றியை நானும் இன்னும் இருவருமாகத் தூக்கிப் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே முட்டுக் கொடுத்தோம். செருப்புக்கடையில் நனையாத செருப்புப்பெட்டியின் மட்டை மூடி ஒன்று கேட்டேன். “இந்த நேரத்தில செருப்பு வாங்கவா வந்தீங்க?” என்றார் கடைக்காரர். மூடியைக் கை நீட்டி ஹோஸை ஒட்டிப் பிடித்தேன். பேனை பிடித்துக் கீறியது போல ஒரு கோடு. கண்ணுக்கு எண்ணெயே தெரியவில்லை, மூடியில் கோடு மட்டும் நீண்டுகொண்டே வந்தது.

ட்ரைவர் இறங்கி வந்து கோட்டைப் பார்த்தார். கீழே நின்றவர் அவருடைய சொந்தத் தம்பியாம். தம்பியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இத செஞ்சவன் ஆரு?” என்றார். “எந்தக் கடை இது? பழைய ஆள் வாங்கிப் போட்ட ஹோஸ். ஆர் செஞ்சதுன்டு தெரியுமா ஒங்களுக்கு?”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“குண்டசாலையில செக்கிங் அக்கான்னு ஒருத்தங்க இருந்தாங்க. அவங்கதான் இத தேட சொல்லி அனுப்பினாங்க” என்றேன்.

ஹோஸை மாற்றிக் கொடுத்தேன். மறு வாரம் கண்டி முழுக்கக் கதை: செக்கிங் அக்கா கொழும்பில் இருந்தே அக்குறணையில் ஒரு உயிரைக் காப்பாற்றினார். முப்பத்தெட்டு ஹோஸையும் ஒன்று விடாமல் தேடிப் பிடித்தவர். இப்போது மலர் போடுகிறார்கள், பொன்னாடை போடப்போகிறார்கள். மலர்க் குழுவில் இருக்கிற பையன் மலரின் முன்னுரையை எனக்கு வாசித்துக் காட்டினான். ‘முப்பத்தெட்டையும்’ என்றுதான் அதில் இருக்கிறது.

அதைத் திருத்துங்கள். முப்பத்தேழு அவருடையது, அதில் எனக்கு ஒரு பங்கும் வேண்டாம். முப்பத்தெட்டாவது என்னுடையது. பெயின்ட்டுக்குக் கீழே பச்சையைக் கண்டது என் கண், அடையாளம் காட்டிய தழும்பைப் போட்டது என் பிரஸ், மூடியைப் பிடித்தது என் கை. அன்று பயத்தில் அவர் பேரைச் சொல்லிவிட்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறேன், வெட்கம் இல்லை.

கூடவே இன்னொரு வரியையும் அச்சில் போடுங்கள். கேஜின் கண்ணாடியைத் திறந்து முள்ளை மாற்றி வைத்தவன் நான். வித்தவன் இல்லை. அந்தக் கேஜ் இன்னும் என் லாச்சியில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். இரண்டையும் சேர்த்தே போடுங்கள். முதலாவதை மட்டும் போட்டால், மலரைக் கையில் எடுத்ததும் அந்தம்மா மிச்சத் துண்டு எங்கே என்று கேட்பார்.